பட்டியலின் முதல் பெயர்

அவரை எல்லோரும் ஒற்றைக்குழல் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் இருந்தது ஒற்றைக்குழல் துப்பாக்கி. பேச்சும் அப்படித்தான், ஒரே வெடி, அப்புறம் வெறும் புகை. மக்காச்சோளம் போடுகிற ஆள். பள்ளிக்கூடம் போனது ஐந்து வருடம், அதிலும் இரண்டு வருடம் ஒரே வகுப்பில். ஆனால் நம்பர் விஷயத்தில் அவரை எவனும் அசைக்க முடியாது.

துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களுக்கு அப்படி ஒரு பழக்கம். வருடத்துக்கு ஒரு தடவை ஸ்டேஷனில் துப்பாக்கியைக் கொண்டுபோய் மேசைமேல் வைக்க வேண்டும். அதிகாரி இரும்பில் பொறித்திருக்கிற நம்பரைப் பார்ப்பார். இவர்கள் புத்தகத்தைத் திறக்காமல் அதே நம்பரைச் சொல்ல வேண்டும். நாக்கு தடுமாறினால் ஆயிரம் கேள்வி. அதனால் பெற்ற பிள்ளையின் வயது மறந்தாலும் துப்பாக்கி நம்பர் மறக்காது. நம்பர் சரியாக இருந்தால் ஆளும் சரியாக இருப்பான் என்று அவர்களுக்குள் ஒரு நினைப்பு. அந்தப் பெருமைதான் அவர்களைக் கவிழ்த்தது.

சட்டசபைக்கு ஒரு மசோதா வந்திருந்தது. லைசென்ஸ் இருந்தாலும் இனி வீட்டில் துப்பாக்கி வைக்கக் கூடாது. ஸ்டேஷன் கிடங்கில் ஒப்படைத்துவிட வேண்டும். தேவைப்பட்டால் மனு எழுதிக் கொடுத்து மூன்று நாள் கழித்து வாங்கிக்கொள்ளலாம். எங்கேயோ ஒருவன் கடைவீதியில் சுட்டுவிட்டான், அதற்காக. சுட்டவனிடம் லைசென்ஸே கிடையாது. லைசென்ஸ் இல்லாதவனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். இருக்கிறவன் விலாசம் அரசாங்கத்திடமே இருக்கிறது. கஷ்டப்படாமல் நடக்கிற வேலையைத்தான் அரசாங்கம் முதலில் செய்யும்.

பொழுது சாயும் நேரம் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கும். தின்பது கால்வாசி, மிதிப்பது முக்கால்வாசி. மூன்று நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருகிற பன்றி எந்தக் காட்டிலும் கிடையாது.

துப்பாக்கி உரிமையாளர் சங்கம் என்று ஒன்று இருந்தது. அதில் இரண்டு வகை ஆட்கள். ஒன்று, இவரைப்போல வயல்காட்டு ஆட்கள். இன்னொன்று, நகரத்தில் சுடும் கிளப் வைத்துக்கொண்டு, காகிதத்தில் வட்டம் போட்டு அதைச் சுடுகிறவர்கள். சங்கத்தின் செயலாளர் இவருடைய தங்கை வீட்டுக்காரர். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர், கிளப்பிலும் பெரிய கை. சொந்தத்திலேயே படித்தவர் அவர்தான் என்பதால் ஒற்றைக்குழல் அவரை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. ஊரில் யாரையும் நம்பாத மனிதர், அந்த ஒருவரை மட்டும் நம்பித் தொலைத்தார்.

"மச்சான், சட்டசபை உறுப்பினருங்களைப் பார்த்துப் பேசணும்னா வெறும் கையோட போக முடியாது. கையெழுத்து வேணும். நிறைய வேணும்" என்றார் மாப்பிள்ளை. அச்சடித்த தாள் ஒரு கட்டு கொடுத்தார். அதில் கட்டம் போட்டிருந்தது. பெயர், ஊர், லைசென்ஸ் நம்பர், துப்பாக்கி நம்பர், கையெழுத்து. எல்லாவற்றுக்கும் கடைசியில் 'கிளப் உறுப்பினரா' என்று ஒரு கட்டம்.

"நம்பர் கேட்டது நல்ல யோசனை மாப்பிள்ளை. பேரை எந்தப் பயலும் எழுதலாம். நம்பரை நம்ம ஆள்தான் எழுத முடியும். அது என்ன கடைசியில?"

"சும்மா விவரத்துக்கு மச்சான்."

இரண்டு மாதம் மொபெட்டில் அலைந்தார். எழுத வராதவர்களுக்கு இவரே எழுதினார். எழுத வருகிறவர்களுக்கும் இவரே எழுதினார், ஏனென்றால் அவர்கள் எழுத்து தாளை விட்டு வெளியே போனது. முதல் வரியில் தன் பெயர். இரண்டாவது வரியில் பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா. அவள் புருஷன் செத்த பிறகு துப்பாக்கியைத் தன் பெயருக்கு மாற்ற ஸ்டேஷனுக்கு ஒன்பது நடை நடந்தவள். கடைசிக் கட்டம் என்ன என்று கேட்டவர்கள் எல்லோரிடமும் "சும்மா விவரத்துக்கு" என்றார். எல்லோருக்கும் அதில் 'இல்லை' என்று எழுதினார். மொத்தம் இருநூற்றுப் பதினேழு பேர்.

அப்புறம் சட்டசபை உறுப்பினர்களைப் பார்க்கிற படலம். மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போவார், இவர் பேசுவார். பதினோரு அறை ஏறி இறங்கினார்கள். ஒரு அறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத சோபா. இன்னொன்றில் உறுப்பினர் போனிலேயே இருந்துவிட்டு, கடைசியில் கைகொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பினார். ஒரு இளவட்ட உறுப்பினர், "பெரியவரே, எனக்குத் துப்பாக்கின்னாலே பயம்" என்றார்.

"எனக்கும்தான் தம்பி. அதனாலதான் பூட்டி வெச்சிருக்கேன். சாவி என் இடுப்புல. என் பொண்டாட்டிக்கே தராத சாவி."

அந்த ஆள் சிரித்துவிட்டார். கையெழுத்துத் தாளைப் புரட்டிப் பார்த்து, மசோதாவை ஆராய்கிற குழுவில் பேசுவதாகச் சொன்னார். குழுத் தலைவி அம்மாவோ மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தாள். "இவ்வளவு சுத்தமா ஒரு மனுவை நான் பார்த்ததில்லை. யார் எழுதினது?" என்றாள்.

"நான்தாங்கம்மா" என்றார். சொன்னபோது நெஞ்சு ஒரு சாண் அகலமானது உண்மை.

குழு கூடி முடிவு சொல்லும் நாள் வந்தது. ஒற்றைக்குழல் காலை பஸ்ஸில் நகரத்துக்கு வந்து தங்கை வீட்டில் சாப்பிட்டார். கிளம்பும்போது தங்கை வாசல் வரை வந்தாள். "அண்ணா, எது எப்படிப் போனாலும் உன் துப்பாக்கி உன்கிட்டதான் இருக்கும். நீ கவலைப்படாதே." கூடப் பிறந்தவள் வாய் வார்த்தை என்று நினைத்து, தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையோடு காரில் ஏறினார்.

குழு அறைக்குள் இரண்டு பேருக்குத்தான் அனுமதி என்றார்கள். மாப்பிள்ளையும் கிளப் தலைவரும் உள்ளே போனார்கள். இவர் வெளியே நடைவழியில் பெஞ்சில் உட்கார்ந்தார். சுவர் முழுக்க பழைய உறுப்பினர்களின் படம். ஒருத்தர் முகத்திலும் கடன்பட்ட களை இல்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். ஆட்சேபித்துப் பேசப் போனவர்கள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தால், யாரோ எதையோ விற்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். அது அப்போது இவருக்குத் தோன்றவில்லை.

"நல்லபடியா முடிஞ்சுது மச்சான். நான் வண்டியை எடுக்கறேன். நீங்க மெதுவா இறங்கி வாங்க."

"நல்லபடியான்னா? மசோதாவை எடுத்துட்டாங்களா?"

"திருத்தியிருக்காங்க. கார்ல பேசிக்கலாம்."

மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் பேசினார். பன்றியோ மனிதனோ, எதிரே வருகிறது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று கண்ணை வைத்துத்தான் சொல்ல முடியும். ஒற்றைக்குழல் கீழே இறங்கவில்லை. நடைவழி முனையில் ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் பின்னால் நடுவயதுக்காரி ஒருத்தி. குழு வெளியிடும் தாள்களைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுப்பது அவள் வேலை.

"திருத்தின மசோதா ஒண்ணு குடும்மா."

கொடுத்தாள். சூடு ஆறாத தாள். அவர் ஜன்னல் பலகையிலேயே வைத்து, எழுத்துக்கு ஒரு விரல் என்று நகர்த்திப் படித்தார். முதல் பக்கம் புரிய நேரமானது. பதிவு பெற்ற சுடும் கிளப்பின் உறுப்பினர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்கள் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் ஒப்படைக்க வேண்டும். முதல் கட்டமாக, சங்கமே தாக்கல் செய்த இணைப்பில் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள்.

இணைப்பு எது என்று பக்கத்தைத் திருப்பினார்.

அவருடைய கையெழுத்து. நகலெடுத்துச் சேர்த்திருந்தார்கள். வளைந்த அவருடைய ஏழும், வயிறு பெருத்த அவருடைய ஐந்தும், அப்படியே. பெயர், ஊர், லைசென்ஸ், துப்பாக்கி நம்பர். கடைசிக் கட்டத்தில் வரிசையாக இல்லை, இல்லை, இல்லை. இருநூற்றுப் பதினேழு இல்லை. இரண்டு மாதம் வெயிலில் அலைந்து, யார் யார் வீட்டுக்குப் போய்ப் பிடுங்க வேண்டும் என்று அரசாங்கத்துக்கு அவரே நம்பரோடு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

முதல் வரியை அப்புறம்தான் பார்த்தார். அவருடைய பெயர்மேல் அளவுகோல் வைத்து நேராக ஒரு கோடு அடித்திருந்தது. ஓரத்தில், 'கிளப் உறுப்பினர், விலக்கு.'

"இது என்னம்மா கோடு?"

ஜன்னல்காரி எட்டிப் பார்த்தாள். "இந்தப் பேர்க்காரர் கிளப்ல சேர்ந்துட்டாராம். பேரை எடுத்துடச் சொல்லிச் செயலாளர் கடிதம் கொடுத்திருக்கார். முந்தாநாளே வந்துடுச்சு."

முந்தாநாள். அதாவது முடிவு இன்று எடுத்ததில்லை. இன்று இவரை அழைத்து வந்தது பெஞ்சுக்குத் துணையாக உட்கார வைக்க.

வாகனம் நிறுத்துமிடத்தில் மாப்பிள்ளை காரின் முன்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். இவர் ஏறவில்லை. தாளை வண்டியின் மூக்கின்மேல் வைத்தார்.

"படிச்சிட்டீங்களா?" என்றார் மாப்பிள்ளை. "சரி. கோபப்படாம கேளுங்க. மசோதா எப்படியும் வரும். தலைவி அம்மாவுக்குக் கணக்குக் காட்ட இத்தனை துப்பாக்கி வாங்கினோம்னு ஒரு எண்ணிக்கை வேணும். எதுவுமே கொடுக்காம நாம எதையும் வாங்க முடியாது. எல்லாரையும் காப்பாத்த முடியாதுங்கறப்ப பாதிப் பேரையாவது காப்பாத்தணும்ல?"

"அந்தப் பாதி உங்க பாதி."

"கிளப்ல நூறு பேர் இருக்காங்க. வருஷக்கணக்கா போட்டிக்குப் போறவங்க. அவங்களை விட்டுட முடியுமா?"

"எங்களை விட முடிஞ்சுதே."

"உங்களை நான் விடலை மச்சான். உங்களுக்கு கிளப்ல உறுப்பினர் சீட்டு போட்டாச்சு. உங்க துப்பாக்கியில எவனும் கை வைக்க முடியாது."

"நான் கேட்டேனா?"

"கேட்டாத்தான் செய்யணுமா? வீட்டுல அழுதா. அண்ணன் ஊருக்கு வெளியில இருக்கற ஆளு, காட்டை ஒட்டின நிலம், அவர் துப்பாக்கி போகக் கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னா."

ஒற்றைக்குழலுக்குக் காலையில் வாசலில் தங்கை சொன்னது நினைவு வந்தது. அவளுக்கும் தெரியும். சோற்றைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து விசிறாத குறையாகக் கவனித்தவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாப்பிள்ளை செய்தது முதுகில் குத்தியதுபோல. இது வேறு இடத்தில் இறங்கியது.

"மாப்பிள்ளை, நாளைக்கு அந்தப் பட்டியல் ஊருக்கு வரும். இருநூத்திப் பதினாறு பேர் படிப்பாங்க. எழுதினது என் கை. முதல் பேரை மட்டும் காணோம். அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே சொல்லுங்க."

"நான் விளக்கிச் சொல்றேன்."

"நீங்க விளக்கினதெல்லாம் போதும். என் பேரைத் திரும்பப் போடுங்க."

"எவனாவது தன் கழுத்தைத் தானே கயித்துல விடுவானா மச்சான்? ஒரு துப்பாக்கி கூடக் கொடுத்தா அவங்க இருநூத்திப் பதினாறு பேருக்கு என்ன லாபம்?"

"லாபம் ஒண்ணும் இல்லை."

"அப்புறம் என்ன வீம்பு?"

ஒற்றைக்குழல் வண்டியின் மேலிருந்த தாளை மடித்து எடுத்துக்கொண்டார். அதுவரை மாப்பிள்ளையை வாங்க போங்க என்றுதான் பேசியிருந்தார். கடைசியாக ஒரே ஒரு தடவை மாற்றினார். "நீ போ" என்றார். அவ்வளவுதான். முப்பது வருட மரியாதை அந்த ஒரு சொல்லில் இறங்கிவிட்டது. கார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

படி ஏறி மறுபடி ஜன்னலுக்கு வந்தார். ஜன்னல்காரி பூட்டப் போகும் நேரம்.

"இந்தப் பட்டியலையே திரும்ப வாங்கிக்க முடியுமாம்மா? எழுதினவனே கேட்டா?"

"முடியாது. குழு ஏத்துக்கிட்டா அது குழுவோட தாள்."

"கோட்டையாவது எடுக்க முடியுமா?"

"எடுக்கலாம். நீங்க கிளப் உறுப்பினர் இல்லைன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, திரும்பச் சேர்ப்பாங்க." பேனாவை நீட்டியவள் நிறுத்தினாள். "ஐயா, பேரை எடுக்கச் சொல்லித்தான் இங்க ஆள் வருவாங்க. சிபாரிசோட வருவாங்க. சேர்க்கச் சொல்லி வர்ற முதல் ஆளு நீங்கதான். யோசிச்சிட்டீங்களா?"

"யோசிச்சா எழுத மாட்டேன். அதான் இப்பவே எழுதறேன்."

நின்றபடியே எழுதினார். நான் எந்தக் கிளப்பிலும் இல்லை. என்னைக் கேட்காமல் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். என் துப்பாக்கி நம்பர் இது. நம்பர் எழுதும்போது மட்டும் கை நின்றது. முப்பத்தெட்டு வருடமாகத் தூக்கத்திலும் சொல்கிற நம்பர். தப்பாக ஒரு எண்ணைப் போட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. சரியாகவே போட்டார். அவள் நகலில் முத்திரை குத்திக் கொடுத்தாள்.

மறுநாள் காலை முதலில் தோட்டத்துக்காரம்மாவிடம் போனார். அவள் வேலிக் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வேலிக்கு உள்ளே மக்காச்சோளம் ஒரு பாய் அகலத்துக்குப் படுத்துக் கிடந்தது.

"வாங்கண்ணே" என்றாள், திரும்பாமல். "உங்க பேர் மட்டும் இல்லையாமே. நேத்தே போன் வந்துடுச்சு."

"யார் பண்ணினா?"

"எல்லாரும் எல்லாருக்கும் பண்ணிக்கறாங்க. ஒற்றைக்குழல் நம்மைக் கோத்து வித்துட்டார்னு பேசிக்கறாங்க. நான் நம்பலை. ஆனா நம்பலைன்னு சொல்லவும் என்கிட்ட ஒண்ணும் இல்லை."

அவர் நடந்ததைச் சொன்னார். மாப்பிள்ளையைச் சொன்னார். தங்கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. முத்திரை குத்திய தாளை நீட்டினார். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கி இரண்டு தடவை படித்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

"சரி. நீங்க விக்கலை" என்றாள். "ஆனா எழுதினது நீங்கதானே."

"ஆமா."

"என் துப்பாக்கியை என் பேருக்கு மாத்த எத்தனை நடை நடந்தேன்னு உங்களுக்குத் தெரியும். எவன் எவன் பல்லைக் காட்டினான்னும் தெரியும். உங்க மாப்பிள்ளை வந்து கேட்டிருந்தா நம்பர் சொல்லியிருக்க மாட்டேன். நீங்க வந்ததால சொன்னேன்."

மன்னிச்சுக்கோ என்று சொல்ல அவருக்கு வாய் வந்தது. சொன்னால் அவள் சரி என்று சொல்லித்தான் ஆக வேண்டும், அந்தச் சங்கடத்தையும் அவள் தலையில் ஏற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

அவள் கம்பியை மறுபடி எடுத்தாள். "மத்தவங்களுக்குப் போன்ல சொல்லாதீங்க. தாளையும் காட்டிக்கிட்டுத் திரியாதீங்க. என் முன்னால வந்து நின்ன மாதிரி ஒவ்வொரு வாசல்லயும் போய் நில்லுங்க. திட்டறவங்க திட்டட்டும். அடிக்க வந்தாலும் வரட்டும்."

"போறேன்."

"உட்காரச் சொல்லலைன்னு நினைக்காதீங்க. இன்னைக்கு எனக்கு மனசு வரலை."

"வேண்டாம்மா" என்றார்.

அடுத்த வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம். அந்த வீட்டுக்காரர் காது மந்தமானவர். அவருக்கு யாரும் போன் பண்ணியிருக்கவில்லை. மொபெட் சத்தம் அருகில் வந்த பிறகுதான் தலை நிமிர்ந்தார். கட்டிலை விட்டு எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"வாய்யா ஒற்றைக்குழல். என்னாச்சு, ஜெயிச்சிட்டமா?"

அவருக்குக் கேட்க வேண்டுமானால் கத்திச் சொல்ல வேண்டும். தெருவே கேட்கும். ஒற்றைக்குழல் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டார். பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு, இருக்கிற குரலையெல்லாம் சேர்த்துக் கத்தினார்.

"இல்லைய்யா. உன் நம்பரை நான்தான் எழுதிக் கொடுத்தேன். துப்பாக்கியை எடுத்துக்கிட்டுப் போகப் போறாங்க."